இருபதாவது அடுக்கில் ஒரு டிக்

கத்தியின் முனையைக் காணோம்.

இருபத்துநாலாவது அடுக்கை ஒட்டி முடித்து, ஓரத்தை நறுக்கி, அலகை முழுதாக வெளியே தள்ளி எஃகு அளவுகோலின் மேல் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மூன்று மில்லிமீட்டர் குறைச்சல். கையுறை விரலால் அலகைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். அதே மூன்று மில்லிமீட்டர். அளவுகோலுக்கு அவள் மேல் என்ன பகை, பொய் சொல்ல?

மணி ஒன்று நாற்பது.

அந்த நாற்பத்தேழு வயதுப் பெண்மணியைத் தொழிற்சாலை மொத்தமும் 'டெய்லரம்மா' என்றுதான் கூப்பிடும். அவள் வாழ்க்கையில் ஒரு பட்டன்கூட ஒழுங்காகத் தைத்ததில்லை. ஆனால் கார்பன் இழையில் நெய்து பிசினில் ஊறவைத்த கரித்துணியை எடுத்து, வளைந்து நெளிந்த அச்சின் மேல் ஒரு சுருக்கம் விழாமல் உடுத்திவிடுவாள். அதனால் வந்த பட்டம். ஒரு கையில் சின்ன ரோலர், மறு கையில் மூலைகளை அழுத்த அவளே அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் குச்சி. இருபத்தெட்டு அடுக்கு ஒட்டி, பெரிய அடுப்பில் அழுத்தத்தோடு வேகவைத்தால் ஹெலிகாப்டரின் வால் பக்கப் பலகை தயார். மலையிடுக்கில் கால் உடைந்து கிடப்பவர்களைத் தூக்கி வருகிற ஹெலிகாப்டர்.

அந்தப் பலகைக்குள் எங்கேயோ ஒரு கறுப்புப் பீங்கான் துணுக்கு.

இரும்பு அலகாக இருந்தால் காந்தத்தை ஓட்டிப் பார்க்கலாம். அச்சில் கீறல் விழும் என்று போன வருடம்தான் பீங்கான் அலகுக்கு மாற்றினார்கள். அதுவும் கறுப்பு. கறுப்புத் துணியில் கறுப்புத் துணுக்கு. வெந்து வந்தபின் ஒலிச்சோதனை உண்டுதான். ஆனால் நேரான இடத்தில் நன்றாகப் பார்க்கும் அந்தக் கருவி, மூலை வளைவுக்கு வந்தால் தடுமாறும். முனை உடைவதோ எப்போதும் மூலையை நறுக்கும்போதுதான்.

"என்ன டெய்லரம்மா, சிலையாட்டம் நிக்கிறீங்க? எத்தனாவது?"

சூப்பர்வைசர். நிமிடத்துக்கு ஒரு தடவை மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பதால் அவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர். இந்தத் துணி உறைபெட்டியிலிருந்து வெளியே வந்தால் அதற்கு ஆயுசு எண்ணப்பட்டுவிடும். இன்று ஐந்து மணிக்குள் அடுப்புக்குள் போகாவிட்டால் பிசின் கெட்டியாகி எல்லாம் குப்பை. அதனால் அவர் மணிக்கட்டு இன்று ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கவில்லை.

"இருபத்துநாலு முடிஞ்சுது" என்றாள். பிறகு ஒரே மூச்சில், "அலகு முனை உடைஞ்சிருக்கு சார். துண்டைக் காணோம்."

கடிகாரம் அப்படியே நின்றார்.

"சும்மா விளையாடாதீங்க."

"விளையாடுற மூஞ்சியா இது?"

அவர் சட்டென்று சோதனைத் தாளைப் பிடுங்கினார். நான்கு அடுக்குக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் நிறுத்தி, மேலே பை போர்த்தி, காற்றை உறிஞ்சி, அடுக்குகளை அமுக்க வேண்டும். அப்போதே அலகையும் அளக்க வேண்டும். அளந்தவள் ஒரு டிக் போட்டுத் தன் முத்திரையைக் குத்துவாள். பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்த இன்ஸ்பெக்டர் இரண்டாவது முத்திரை குத்துவார். நாலு, எட்டு, பன்னிரண்டு, பதினாறு, இருபது. ஐந்து டிக், பத்து முத்திரை. எல்லாம் கச்சிதம்.

"அப்பாடா!" கடிகாரத்துக்கு மூச்சு வந்தது. "இருபதுல அலகு முழுசா இருந்திருக்கு. அப்போ கடைசி நாலு அடுக்குலதான் துண்டு. உரிச்சுப் பாத்துடுவோம். பத்து அடுக்குக்கு மிச்சத் துணி இருக்கு. இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுங்க!"

டெய்லரம்மாவின் பார்வை இருபதாவது வரிசையிலேயே நின்றது.

அந்த டிக் பொய்.

காலையில் இருபதாவது அடுக்கு முடிந்து பையைப் போர்த்தியபோது எங்கேயோ காற்றுக் கசிந்தது. மெலிசாக, ஊசி போல ஒரு சத்தம். அவள் பையின் ஓரத்தோடு காதை வைத்து, ஒட்டுநாடாவை அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே போனாள். இருபது நிமிடம். கசிவு அடங்கியபோது கடிகாரம் அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கையைக் கையை ஆட்டினார். அந்த அவசரத்தில் கத்தியை எடுக்காமலே டிக் போட்டாள். குத்தினாள். ஒரே ஒரு தடவை. பதினெட்டு வருடத்தில் ஒரே ஒரு தடவை என்று அவளால் சத்தியம் செய்ய முடியும்.

சரி, இரண்டாவது முத்திரை எப்படி வந்தது?

அதுதான் வேடிக்கை. இன்ஸ்பெக்டர் வேறு யாருமில்லை, டெய்லரம்மாவின் கணவருடைய தங்கை. நாத்தனாரும் அண்ணியும் பேசி எட்டு மாதம் ஆகிறது. டெய்லரம்மா ஒட்டிய பலகை ஒன்றை, கடுகளவு சுருக்கம் இருக்கிறதென்று நாத்தனார் தள்ளுபடி செய்தாள். அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில், குடும்பமே உட்கார்ந்திருக்க, டெய்லரம்மா வாயைத் திறந்தாள்: "வீட்ல ஒரு போர்வை மடிக்கத் தெரியாது. இங்க வந்து சுருக்கம் கண்டுபிடிக்கிறாங்களாம் சுருக்கம்!" எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நாத்தனாரின் சொந்த அண்ணன் உட்பட. அன்றைக்கு மூடிய வாய்தான்.

அதனால் நாத்தனார் இந்த மேசைக்கு வந்தால் எண்ணி இரண்டு நிமிடம். இன்று காலை அதுவும் இல்லை. வாசலிலேயே நின்று, தாளை எட்டி வாங்கி, குத்திக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

நாத்தனார் வந்தாள். வெள்ளை அங்கி, வெள்ளைத் தொப்பி, கண் மட்டும் வெளியே. டெய்லரம்மாவைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இருபதுல அலகு சரியா இருந்துச்சான்னு அவங்ககிட்டக் கேளுங்க."

"அம்மா தாயே, அவங்க உங்க முன்னாடிதான் நிக்கிறாங்க!" என்றார் கடிகாரம். "தாள்ல உங்க முத்திரையும்தான் இருக்கு. இதுல கேக்க என்ன இருக்கு?"

நாத்தனார் குனிந்து தாளைப் பார்த்தாள். அவள் விரல் இருபதாவது வரிசைக்கு வந்து நின்றது. நிமிர்ந்தபோது அந்த இரண்டு கண்களும் நேராக டெய்லரம்மாவின் கண்களுக்கு வந்தன. வந்த வேகத்தில் விலகின.

அவளுக்கும் தெரியும்.

"உரிக்கலாம்" என்றாள் நாத்தனார்.

ஒட்டிய கரித்துணியை உரிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பிசின் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் நூல் கோணிவிடும். ஐஸ் பைகளைக் கொண்டுவந்து அச்சின் மேல் பரப்பினாள். குளிர்ந்தால் பிசுபிசுப்பு அடங்கும். வெள்ளைக் குச்சியை ஓரத்தில் நுழைத்து, நெம்பாமல், மெல்ல மெல்ல மேலே கிளப்பினாள். இருபத்துநாலு வந்தது. நாத்தனார் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள். கடிகாரம் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். ஒன்றுமில்லை.

இருபத்துமூன்று. இருபத்திரண்டு. டெய்லரம்மாவின் விரல் நுனிகள் மரத்துப்போயின. ஒவ்வொரு மூலையிலும் 'இரு, இரு, இங்கேயே இரு' என்று மனசுக்குள் கெஞ்சினாள். துணுக்கு இந்த நாலுக்குள் கிடைத்துவிட்டால் இருபதாவது டிக்கை யாரும் கிளறப் போவதில்லை.

இருபத்தொன்றும் வந்தது.

இல்லை.

"போச்சு, கீழதான் விழுந்திருக்கு!" கடிகாரத்தின் குரலில் கவலைக்குப் பதில் சந்தோஷம். "இருபதுல முழுசா இருந்துச்சு, நாலு அடுக்குல இல்லை. அப்போ தரைலதான். யார் செருப்புல ஒட்டிக்கிட்டுப் போச்சோ! தரையை ஒட்டு ரோலர் போட்டு உருட்டச் சொல்றேன். நீங்க மிச்சத் துணில மறுபடி இருபத்தொண்ணுல இருந்து ஆரம்பிங்க. மணி ரெண்டு நாப்பது. ஐஞ்சுக்கு அடுப்பு."

அவர் ஓடினார்.

டெய்லரம்மா கையுறை மாற்ற வெளியே போனாள். அறைக்கும் நடைக்கும் நடுவில், தூசியை ஊதித் தள்ளுகிற சின்னக் கூண்டு. கதவு மூடும் முன் நாத்தனாரும் உள்ளே நுழைந்தாள். ஆளுக்கு ஒரு சுவர்.

"அண்ணி."

எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

"இருபதுல அலகைப் பாத்தீங்கதானே?"

"நீ பாத்தியா?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"நீ வாசல்ல நின்னு குத்திட்டுப் போனே. என் மேசைல ஏதோ தொத்துநோய் இருக்கிற மாதிரி."

"நீங்க டிக் போட்டிருந்தீங்க. நம்பிக் குத்தினேன்."

"எட்டு மாசமா என்னை எதுக்கும் நம்பாதவ, அதுக்கு மட்டும் நம்பிட்டியாக்கும்!"

நாத்தனார் முகமூடியைக் கீழே இழுத்தாள். மூக்கின் மேல் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது.

"பாக்கலை. அப்படித்தானே?"

டெய்லரம்மா கையுறையைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"முத்திரையைப் பிடுங்கிடுவாங்க அண்ணி. உங்களுதை மட்டுமில்லை. அளக்காம டிக் போட்டவங்களைவிட, பாக்காம குத்தின இன்ஸ்பெக்டருக்குத்தான் பெரிய ஆப்பு."

"எனக்கு மட்டும் என்ன, மாலை போடுவாங்களா? பேக்கிங்ல கொண்டுபோய் உக்கார வெப்பாங்க. ஆயுசு முழுக்க அட்டைப்பெட்டி."

"கீழ விழுந்திருக்கும். நூத்துக்குத் தொண்ணூறு கீழதான்."

"மீதி பத்து?"

நாத்தனார் வாயைத் திறந்தாள். அதற்குள் கூண்டின் காற்று நாலா பக்கமும் 'உஸ்' என்று சீறி, அவள் என்ன சொன்னாள் என்பதையே அடித்துக்கொண்டு போனது. காற்று நின்றதும் அந்தப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு அவள் போய்விட்டாள்.

மூன்று மணிக்கு டெய்லரம்மா புது இருபத்தொன்றாவது துணியின் பின்னால் ஒட்டியிருந்த நீலத்தாளை உரித்தாள். அச்சின் நடுவில் இறக்கினாள். ரோலரை உருட்டினாள். கை தானாக வேலை செய்தது, மனசு செய்யவில்லை. நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஓரத்திலிருந்து மூலைக்கு. மூலையில் குச்சியை வைத்து அழுத்தினாள். அடியில் ஏதோ நெருடுகிறதா? எடுத்தாள். தடவினாள். இல்லை. மறுபடி அழுத்தினாள். இப்போது நெருடுகிறது. இல்லை, பிரமை.

வலது மூலை. பிரமை. இடது மூலை. பிரமை. ரோலரை வைத்தாள். எடுத்தாள். வைத்தாள்.

கால் உடைந்து கிடக்கிறவனை அவள் பார்த்ததில்லை. அவனைப் பற்றி யோசிக்கவும் இல்லை. ஒரு மூலை, அதில் அழுந்தாமல் நிற்கிற ஒரு துணுக்கு, அதைச் சுற்றி ஒட்டாமல் விட்டுப்போன இடைவெளி, காற்றில் நிமிடத்துக்கு ஆயிரம் தடவை அதிர்கிற வால். இவ்வளவுதான் அவள் கண்ணில் ஓடியது. ஓடியது, ஓடியது, நிற்கவே இல்லை.

"சார்!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரம் திரும்பினார்.

"உள்ள வாங்க சார். இருபதுல நான் அலகைப் பாக்கலை."

அவர் உள்ளே வந்ததே தெரியவில்லை. திடீரென்று மேசைக்கு அருகில் நின்றார்.

"என்ன சொன்னீங்க?"

"டிக் போட்டேன். அலகை எடுத்து அளக்கலை. காத்துக் கசிவுல நேரம் போயிடுச்சு. துண்டு இருபதுக்குக் கீழயும் இருக்கலாம்."

"அட என்னங்க நீங்க... இன்ஸ்பெக்டர் பாத்து முத்திரை..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். வாசலில் நாத்தனார் நின்றிருந்தாள்.

டெய்லரம்மா அவள் பக்கம் திரும்பவில்லை. தன் பங்கைச் சொல்லியாகிவிட்டது. அடுத்தவள் பங்கை அடுத்தவள்தான் சொல்ல வேண்டும்.

"நானும் பாக்கலை" என்றாள் நாத்தனார். "வாசல்ல நின்னு குத்தினேன்."

கடிகாரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மணிக்கட்டைப் பார்க்க மறந்துபோனார்.

"உங்க குடும்பச் சண்டைக்கு என் பலகைதான் கிடைச்சுதா?"

மறுபடி ஐஸ் பை. மறுபடி குச்சி. புதிதாக ஒட்டிய இருபத்தொன்று முதலில் வந்தது. இந்தத் தடவை நாத்தனார் தூரத்தில் நிற்கவில்லை. எதிர்ப்பக்கம் வந்து துணியின் மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "தூக்குங்க அண்ணி... மெதுவா... என் பக்கம் நூல் இழுக்குது, நிறுத்துங்க." இருபது. பத்தொன்பது. பதினெட்டு. பதினேழு. ஒன்றுமில்லை.

"பதினாறுல பாத்தீங்களா?" கடிகாரம் கேட்டார். இப்போது அவர் குரல் போலீஸ் குரல்.

"பாத்தேன் சார். சத்தியமா. அளவுகோல்ல வெச்சு."

"நானும் பக்கத்துல நின்னேன்" என்றாள் நாத்தனார். "பதினாறு, பன்னெண்டு ரெண்டுலயும் கிட்ட வந்து பாத்துத்தான் குத்தினேன்."

"அப்போ பதினாறுக்குக் கீழ இருக்க வாய்ப்பே இல்லை. விடுங்க. தரைலதான்."

தரையை ஒட்டு ரோலரால் இரண்டு தடவை உருட்டியாகிவிட்டது. செருப்பு, குப்பைக்கூடை, உரித்துப்போட்ட நீலத்தாள் எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்தாகிவிட்டது. துணுக்கு தரையில் இல்லை.

டெய்லரம்மா ஐஸ் பையை எடுத்துப் பதினாறாவது அடுக்கின் மேல் வைத்தாள்.

"பாத்தேன்னு சொன்னீங்களே!"

"சொன்னேன். இருந்தாலும் உரிக்கிறேன்."

பதினாறு, பதினைந்து, பதினான்கு, பதின்மூன்று. பன்னிரண்டாவது அடுக்கு மேலே வந்தது. நாத்தனார் டார்ச்சைச் சாய்த்தாள். இடது பக்கக் கீழ் மூலை, பதினொன்றாவது அடுக்கின் வளைவில், எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு பளபளப்பு. கரித்துணி மங்கலாகத்தான் மின்னும். இது கண்ணாடி மாதிரி மின்னியது.

நாத்தனார் இடுக்கியால் எடுத்து அளவுகோலின் மேல் வைத்தாள். மூன்று மில்லிமீட்டர். கத்தியின் உடைந்த வாயோடு கச்சிதமாகப் பொருந்தியது.

கடிகாரம் நாற்காலியில் உட்கார்ந்தார். "கிடைச்சுது. தப்பிச்சோம்."

டெய்லரம்மா உட்காரவில்லை. சோதனைத் தாளைக் கையில் எடுத்தாள். முனை உடைந்தது பதினொன்றில். பன்னிரண்டில் அலகு குறைவாகத்தான் இருந்திருக்க வேண்டும். பதினாறிலும்தான். அந்த இரண்டிலும் அவள் அளவுகோலில் வைத்தாள். பார்த்தாள். முழு அலகைப் பார்த்தாள். இப்போது கண்ணை மூடினாலும் அந்த முழு அலகு தெரிகிறது.

"நீ பன்னெண்டுல என்னத்தைப் பாத்தே?" என்று கேட்டாள்.

நாத்தனார் இடுக்கியைக் கீழே வைத்தாள். "முழு அலகை."

"நானும்தான்."

பொய் டிக் ஒன்றே ஒன்று என்று நினைத்திருந்தாள். அது பரவாயில்லை, அது அவளுக்கே தெரிந்த பொய். ஆனால் இந்த இரண்டு? இதை அவள் உண்மை என்று நினைத்தல்லவா போட்டாள்! தினமும் சரியாகவே இருக்கிற ஒன்றைப் பதினெட்டு வருடம் பார்த்துப் பார்த்து, கடைசியில் கண் பார்ப்பதையே விட்டுவிட்டதா? எப்போது விட்டது? போன வாரமா? போன வருடமா?

பலகை அன்றோடு தீர்ந்தது. மறுபடி ஒட்ட மிச்சத் துணி இல்லை. உறைபெட்டித் துணி ராத்திரி முழுக்க இளக வேண்டும். அடுப்புக்காரர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, இன்னைக்குச் சமையலே இல்லையா? அடுப்பை அணைச்சிடவா?" என்று கேட்டார்.

"முத்திரையை வெச்சுட்டுக் கிளம்புங்க, ரெண்டு பேரும்" என்றார் கடிகாரம். "நாளைக்கு மேனேஜர் பேசுவார்."

இரண்டு சின்ன ரப்பர் முத்திரைகள் மேசைக்கு வந்தன. டெய்லரம்மாவின் கண் அவற்றில் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. நாலு முப்பத்தைந்து.

"சார், போன வாரத்துப் பலகை?"

"அதுக்கென்ன? சோதனை முடிஞ்சு லாரில ஏத்தறாங்க."

"அதுலயும் நான்தான் டிக் போட்டேன்."

"அம்மா, அது எல்லாம் சரியா..." அவர் முடிக்கவில்லை. தொலைபேசியை எடுத்து ஏற்றுமதிப் பிரிவுக்குப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பாரில்லை.

டெய்லரம்மா ஓடினாள். பின்னால் இன்னொரு ஜோடிக் காலடி. கூண்டில் காற்று ஊதி முடிக்கும்வரை கதவு திறக்காது, பதினைந்து விநாடி. இரண்டு பேரும் கதவின் கைப்பிடியை ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு நீள நடை, இரும்புப் படி, சரிவு. லாரி உறுமிக்கொண்டிருந்தது. பின்கதவைச் சாத்திக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார் லாரிக்காரர்.

"நிறுத்துங்க! அந்தப் பெட்டியை இறக்குங்க!"

"ஏம்மா, பேப்பர் எல்லாம் ஓகே. பாருங்க." கத்தையை நீட்டினார். "எல்லாக் கட்டத்துலயும் டிக், எல்லாக் கட்டத்துலயும் முத்திரை. இது உங்க முத்திரைதானே?"

"ஆமா."

"இது இந்தம்மாது?"

"ஆமா" என்றாள் நாத்தனார்.

"அப்புறம் என்ன?"

"அதனாலதான் இறக்கச் சொல்றோம்."

லாரிக்காரர் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். "இறக்கணும்னா முத்திரை போட்ட பேப்பர் வேணும்."

முத்திரைகள் மேலே மேசையில் கிடந்தன. நாத்தனார் அங்கிப் பைக்குள் கையை விட்டாள். பழுதான பலகையில் ஒட்டுகிற சிவப்புத் தள்ளுபடிச் சீட்டுக் கட்டு வெளியே வந்தது. "முத்திரையைத்தான் வாங்கினாங்க. இதை யாரும் கேக்கலை" என்று சொல்லிக்கொண்டே ஒன்றைக் கிழித்துப் பெட்டியின் மேல் அறைந்து ஒட்டினாள். லாரிக்காரர் முணுமுணுத்தபடி போய் இன்ஜினை அணைத்தார்.

திடீரென்று எல்லாம் அமைதி. டெய்லரம்மா சரிவின் ஓரத்தில் சாய்ந்தாள்.

"இந்த வருஷம் மொத்தம் எத்தனை அண்ணி?"

"முப்பத்தொண்ணு."

"எத்தனை இங்க இருக்கு?"

"இதோட சேத்து மூணு."

மீதி இருபத்தெட்டும் எங்கே பறந்துகொண்டிருக்கின்றன என்று நாத்தனார் கேட்கவில்லை. ஏற்றுமதிப் பிரிவின் ஆளில்லாத மேசைக்குப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பினாள். ஒரு கையால் பேனாவைத் திறந்தாள்.

"ஒவ்வொரு பலகைக்கும் நம்பர் உங்களுக்கு மனப்பாடம்னு அண்ணன் சொல்லும். தூக்கத்துலகூடச் சொல்வீங்களாம்."

"சொல்வேன்."

"முதல் நம்பர் சொல்லுங்க. ஒண்ணு விடாம எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லணும்."

டெய்லரம்மா வாயைத் திறந்தாள். நம்பர் வந்துவிட்டது, நாக்கு நுனியில் நின்றது. சொல்லுமுன் ஒரு கணம் தயங்கி, அது சரிதானா என்று மனசுக்குள் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தாள்.